டெல்ஃப்ட் நகரக் காட்சி: ஓர் ஓவியத்தில் அமைதி எப்படி அமைகிறது?

தண்ணீரோரமாக ஒரு பழைய டச்சு நகரம், ஓடு வேய்ந்த கூரைகள், அசையாமல் நிற்கும் படகுகள், மேலே நிறைய வானம். இப்படி ஒரு படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். நாள்காட்டியில், பிஸ்கட் டப்பா மூடியில், யாரோ ஒருவருடைய கைபேசி முகப்பில். பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எவ்வளவு அமைதியா இருக்கு!"

அது சரிதான். அதற்குப் பிறகு சொல்லப்படும் காரணங்கள்தான் பெரும்பாலும் தவறாகப் போகின்றன. 'அந்த ஊர் அமைதியாக இருந்தது, அதனால் படமும் அமைதியாக இருக்கிறது' என்பார்கள். அல்லது 'கண்ணால் கண்டதை போட்டோ எடுத்ததுபோல அப்படியே வரைந்துவிட்டார்' என்பார்கள். ஓவியத்தில் ஆர்வமுள்ளவர்களே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன்.

இந்த வகையில் மிகவும் பெயர்பெற்ற ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதில் அமைதி எங்கிருந்து வருகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம். முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படத்தை இணையத்தில் தேடி, திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

## படத்தில் என்ன இருக்கிறது

வரைந்தவர் யோஹன்னஸ் வெர்மீர் (1632–1675). பிறந்தது, வாழ்ந்தது, இறந்தது எல்லாம் டெல்ஃப்ட் என்ற ஊரில். நெதர்லாந்தில் ராட்டர்டாமுக்கும் தி ஹேக்குக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர். அவர் வரைந்தவை என்று இன்று ஏற்கப்படும் ஓவியங்கள் நாற்பதுகூட இல்லை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீட்டுக்குள் நடப்பவை: கடிதம் படிக்கும் பெண், பால் ஊற்றும் பெண். வெளிப்புறக் காட்சிகளாக நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று சிறு தெரு ஒன்றின் காட்சி. மற்றொன்று ஊரையே காட்டுவது. 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' என்று அழைக்கப்படும் இந்த இரண்டாவது ஓவியத்தை 1660–61 வாக்கில், ஏறக்குறைய 28 வயதில் வரைந்தார். உயரம் 96.5 செ.மீ., அகலம் 115.7 செ.மீ. இப்போது தி ஹேக்கில் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊருக்குத் தெற்கே, தண்ணீருக்கு இக்கரையில், சற்று உயரமான இடத்திலிருந்து பார்க்கிறோம். முன்னால் கிடக்கும் தண்ணீருக்குக் கோல்க் என்று பெயர். ஸ்கீ என்ற ஆற்றின் நீர் வந்து சேரும் முக்கோண வடிவத் துறைமுகம் அது. அக்கரையில் நடுவே கடிகாரம் வைத்த கட்டடம் ஸ்கீடாம் வாசல். அதற்கு வலப்பக்கம் இரட்டைக் கூம்புகளோடு இருப்பது ராட்டர்டாம் வாசல். இரண்டும் ஊரின் மதில் வாசல்கள். பின்னால் வெயிலில் பளிச்சென்று நிற்கும் கோபுரம் புதிய தேவாலயத்தினுடையது. இடது பக்கம் கூரைகளுக்கு மேலே நுனி மட்டும் எட்டிப் பார்ப்பது பழைய தேவாலயம். வெர்மீருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது புதிய தேவாலயத்தில், அவரை அடக்கம் செய்தது பழைய தேவாலயத்தில்.

வலப்பக்கம் இரண்டு பெரிய ஹெரிங் மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. இடது கீழ் மூலையில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த மணல் கரை. அதன் ஓரத்தில் ஒரு பயணிகள் படகு நிற்கிறது. கரையில் நடக்கும் குதிரை கயிற்றால் இழுத்துப் போகும் படகு அது; அந்தக் காலத்து டச்சுக்காரர்களுக்கு அதுதான் பஸ். ஓவியர் தன் பெயரெழுத்துகளை அந்தப் படகின் மேல்தான் போட்டிருக்கிறார். படகருகே சிலர் நிற்கிறார்கள், ஒரு பெண்ணின் கையில் குழந்தை. கொஞ்சம் தள்ளி இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவ்வளவுதான். கதை எதுவும் நடக்கவில்லை.

## நகரக் காட்சி என்ற வகை

ஒரு ஊரின் தோற்றத்தையே கருப்பொருளாக வைத்து வரையும் ஓவியத்துக்கு நகரக் காட்சி ஓவியம் என்று பெயர். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் ஐரோப்பிய ஓவியத்தில் நகரம் நெடுங்காலம் பின்னணியாகவே இருந்தது. முன்னால் ஒரு புனிதரோ அரசரோ நிற்பார், அவர் தோளுக்குப் பின்னால் ஊர் சின்னதாகத் தெரியும். வரைபடங்களின் ஓரங்களிலும் ஊர்களின் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து வைப்பார்கள். கோபுரங்களை எண்ணிப் பார்த்து 'இது இன்ன ஊர்' என்று சொல்லிவிடலாம்.

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் அந்தப் பின்னணி முன்னால் வந்தது. வணிகத்தால் ஊர்கள் செழித்தன, ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமை இருந்தது, வீட்டுச் சுவரில் ஓவியம் மாட்டும் வழக்கம் நடுத்தர வர்க்கத்துக்கும் பரவியிருந்தது. ஹென்ட்ரிக் ஃப்ரோம் 1615லேயே டெல்ஃப்டைப் பெரிதாக வரைந்தார். யான் வான் கோயனிடம் தி ஹேக் நகர நிர்வாகமே தங்கள் ஊரை வரையச் சொல்லிப் பணம் கொடுத்தது. யான் வான் டெர் ஹேடன் ஆம்ஸ்டர்டாமின் செங்கல்களை ஒன்று ஒன்றாக வரைந்தவர். அதே மனிதர்தான் அந்த ஊருக்குத் தெருவிளக்குத் திட்டம் வகுத்தார், தீயணைப்புக் குழாயையும் மேம்படுத்தினார். ஊரை எந்த அளவுக்கு நேசித்தார் என்று தெரிகிறது அல்லவா.

ஆக, வெர்மீர் புதிய வகை எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வகையில், அடையாளம் காட்டும் படம் ஒன்றை மனநிலை ஒன்றாக மாற்றினார். எப்படி என்பதுதான் இனி.

## அமைதி என்றால் சத்தமின்மை இல்லை

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'அமைதி' என்றதும் நமக்குச் சத்தமில்லாத நிலை நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'அமை' என்ற வினை இருக்கிறது. பொருந்தி நிற்பது, இடத்தில் உட்காருவது. அமைப்பு, அமைவு எல்லாம் அதன் உறவுகள்.

ஓவியத்தைப் பொறுத்தவரை இந்தப் பழைய பொருள்தான் நமக்கு உதவும். வீட்டைக் கூட்டி, பாத்திரங்களைக் கவிழ்த்து, பாயைச் சுருட்டி வைத்தபின் அறையைப் பாருங்கள். தெருவில் லாரி போய்க்கொண்டே இருக்கும். அப்படியும் அறை அமைதியாக இருக்கிறது என்போம். ஒவ்வொரு பொருளும் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது, எதுவும் விழப்போவதில்லை, எதுவும் நம்மை அவசரமாகக் கூப்பிடவில்லை. ஓவியத்தின் அமைதியும் இதுதான். கண்ணை எதுவும் அவசரமாக இழுக்காத ஏற்பாடு.

ஓர் ஓவியம் பார்ப்பவருக்குள் எழுப்பும் இந்த மொத்த உணர்வை மனநிலை என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். மனநிலை என்பது புகைபோல எங்கிருந்தோ வருவதில்லை. கோடு, வெளிச்சம், பிம்பம் போன்ற திட்டமான பொருள்களால் கட்டப்படுவது. இந்த ஓவியத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்ட முடியும்.

## படுத்திருக்கும் கோடுகள்

நின்றுகொண்டிருப்பவர் எந்த நேரமும் நடக்கலாம். சாய்ந்திருப்பவர் விழலாம். படுத்திருப்பவர் எங்கும் போகப்போவதில்லை. கோடுகளையும் நம் மனம் ஏறக்குறைய இப்படித்தான் வாசிக்கிறது. செங்குத்தான கோட்டில் ஒரு விறைப்பு, சாய்ந்த கோட்டில் வேகம், கிடையான கோட்டில் ஓய்வு.

இப்போது படத்தைக் கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து பட்டைகள் மட்டும் மிஞ்சும். மேலே வானம், பாதிக்கு மேல் அதுவே. அடுத்து ஊர், ஒரு ஒல்லியான பட்டையாக. அடுத்து தண்ணீர். மூலையில் மணல். எல்லாம் படுத்திருக்கின்றன. நிலம் தட்டையான நாடு என்பதால் இது தானாகவே கிடைத்தது என்று நினைக்கலாம். பாதி உண்மை. அதே இடத்தைக் காட்டும் பழைய வரைபடங்களோடும் சித்திரங்களோடும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் கட்டடங்கள் இன்னும் நெருக்கமாக, உயரமாக, முன்னும் பின்னுமாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ராட்டர்டாம் வாசல் பார்ப்பவரை நோக்கி நன்றாகவே நீண்டிருக்க வேண்டும். வெர்மீர் அந்தத் துருத்தல்களை அடக்கி, கட்டடங்களை ஒரே வரிசையில், நமக்கு நேர் எதிரே படுக்கவைத்துவிட்டார்.

இந்தப் படத்தில் செங்குத்துகளும் இருக்கின்றன. கோபுரங்கள், பாய்மரங்கள். அவை இல்லாவிட்டால் படம் சோர்ந்துபோயிருக்கும். ஆனால் எதுவுமே வானத்துக்குள் ஆழமாகக் குத்துவதில்லை.

## கிட்டத்தில் நிழல், எட்டத்தில் வெயில்

எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்த விஷயம் இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நிறம் எதுவாக இருந்தாலும், அது எவ்வளவு வெளிச்சமாக அல்லது இருட்டாக இருக்கிறது என்ற அளவுக்கு டோன் என்று பெயர். கைபேசியில் ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் நிறம் போய்விடும், டோன் மட்டும் தங்கும். டெல்ஃப்ட் படத்தை அப்படி மாற்றிப் பாருங்கள். வழக்கமான காட்சிகளில் முன்னால் இருப்பது தெளிவாகவும் வெளிச்சமாகவும் இருக்கும், தூரம் மங்கும். இங்கே தலைகீழ். நமக்கு நேர் எதிரே இருக்கும் மதில், இரண்டு வாசல்கள், அவற்றின் நிழல் விழுந்த தண்ணீர் எல்லாம் இருட்டு. அந்த இருட்டு வரிசைக்குப் பின்னால், ஊருக்குள்ளே, கூரைகளும் தேவாலயக் கோபுரமும் வெயிலில் குளிக்கின்றன. வானத்திலும் இதே ஏற்பாடு: உச்சியில் கனத்த கரிய மேகம், அதற்குக் கீழே வெள்ளை மேகமும் நீலமும்.

வீட்டுக்குள் இருட்டான கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பின்கட்டுக் கதவு வழியாக வெளியே வெயில் விழும் கொல்லையைப் பார்த்த அனுபவம் பலருக்கு இருக்கும். அங்கே போகவேண்டும் என்று தோன்றாது. அங்கே வெயில் இருக்கிறது என்று தெரிவதே போதுமாக இருக்கும். இந்தப் படம் செய்வது அதைத்தான். வெளிச்சம் நம் முகத்தில் அறையவில்லை. தண்ணீரைத் தாண்டி, நிழலைத் தாண்டி, கண் தானாக மெல்ல அங்கே போய்ச் சேருகிறது. போய்ச் சேர நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தைத்தான் நாம் அமைதி என்று உணர்கிறோம்.

ஒரு சின்னப் பரிசோதனை. வெயில் விழும் கோபுரத்தையும் அதன் அருகே உள்ள கூரைகளையும் கட்டைவிரலால் மறையுங்கள். உடனே படம் மழைக்கு முந்தைய கனத்த நேரமாக மாறிவிடும். விரலை எடுங்கள், மேகம் கலைகிறது. ஒரு விரல் அளவு இடத்தில்தான் மொத்த மனநிலையும் தொங்குகிறது.

இது காலை நேரம். படம் வடக்கு நோக்கிப் பார்ப்பதால் வெயில் வலப்பக்கம், கிழக்கிலிருந்து வருகிறது. கடிகாரம் ஏழு மணியைச் சற்றுத் தாண்டிக் காட்டுகிறது என்றே நீண்ட காலம் எழுதிவந்தார்கள். 2020இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் குழு ஒன்று, கோபுரத்தில் வெயில் விழும் கோணத்தைக் கணக்கிட்டு, நேரம் காலை எட்டு என்றும் நாள் 1659 செப்டம்பர் 3 அல்லது 4 என்றும் முடிவு சொன்னது. கோபுரத்தில் மணிகள் தொங்கும் இடம் காலியாக இருப்பதும் ஒரு துப்பு, ஏனென்றால் 1660–61இல் அங்கே புதிய மணிகள் பொருத்தப்பட்டன. கணக்கு சுவையானது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளின் காலை வெயிலைக் கவனித்தவர், அதைத் துணியில் கொண்டுவரப் பல மாதங்கள் உழைத்திருக்க முடியும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இதுவரை: அமைதி என்பது ஏற்பாடு. கிடையான பட்டைகள் கண்ணை ஓய்வாக வைத்திருக்கின்றன. முன்னால் நிழல், பின்னால் வெயில் என்ற டோன் வரிசை கண்ணை மெதுவாக உள்ளே அழைத்துப் போகிறது.

## தண்ணீரில் ஒரு வழுவமைதி

மழை நின்ற ராத்திரியில் தார்ச்சாலையில் நடந்திருப்பீர்கள். தெருவிளக்கு சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் ஈரச் சாலையில் அதன் பிம்பம் உங்கள் காலடிவரை நீளமான கோடாக இழுபட்டு வரும். ஏன்?

சாலையின் மேற்பரப்பு ஒரே கண்ணாடி கிடையாது. ஆயிரம் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றும் சற்று வேறு சாய்வில். அவற்றில் பல, விளக்கின் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பும் சாய்வில் இருக்கும். விளக்குக்கும் உங்களுக்கும் இடையே உள்ள பாதை நெடுக அப்படிப்பட்ட துண்டுகள் கிடைப்பதால் பிம்பம் மேலிருந்து கீழாக நீள்கிறது. பக்கவாட்டில் அவ்வளவு பரவுவதில்லை. இலேசாகச் சிலிர்க்கும் தண்ணீரிலும் இதே விதிதான். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு சாய்ந்த கண்ணாடி. சலனமே இல்லாத தண்ணீரில் கோபுரத்தின் பிம்பம் கோபுரத்தின் உயரத்துக்குள்ளேயே துல்லியமாக முடிந்துவிடும். காற்று இலேசாகத் தொட்டால் ஓரங்கள் கரைந்து, பிம்பம் நம்மை நோக்கி நீளும்.

வெர்மீர் இதைக் கவனித்திருக்கிறார். ஆனால் கவனித்ததோடு நிற்கவில்லை. படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ராட்டர்டாம் வாசலின் இரட்டைக் கூம்புகளின் பிம்பத்தை முதலில் அவர் அளவோடுதான் வரைந்திருந்தார் என்று தெரிந்தது. பிறகு மனம் மாறி, அந்தப் பிம்பத்தைக் கீழே, படத்தின் அடி விளிம்பைத் தொடும்வரை நீட்டியிருக்கிறார்.

தமிழ் இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணைப்படி அது பிழை. ஆனால் அன்பினால் சொன்னதால் பிழையென்று தள்ளாமல் ஏற்றுக்கொள்கிறோம். இந்த நீண்ட பிம்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் வழு. படத்துக்குள் அது அமைந்துவிட்டது.

அதனால் என்ன கிடைத்தது? பிம்பம் நீளாமல் இருந்தால் ஊர் அக்கரையில் தனியாக நின்றிருக்கும், நடுவில் வெறும் தண்ணீர் அகழிபோலப் பிரித்திருக்கும். நீண்ட பிம்பம் அந்த ஊரைத் தண்ணீர் வழியாக நம் பக்கம்வரை கொண்டுவந்து கட்டிவிடுகிறது. அதோடு, கட்டடத்தின் கனம் கீழே கரைந்து போகிறது. கற்கோட்டை மிதப்பதுபோல இருக்கிறது. தண்ணீரோர நகரக் காட்சிகள் ஏன் இவ்வளவு மனதைத் தொடுகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்து இதுவே முதல் காரணம்: ஒரே பொருள் மேலே திடமாகவும் கீழே நெகிழ்ந்தும் இருக்கிறது. நிலைத்தது என்பதையும் நிலையாதது என்பதையும் கண் ஒரே நேரத்தில் பார்க்கிறது.

## அப்படியானால் இது போட்டோ இல்லையா?

'வெர்மீர் கேமராவை வைத்துப் படியெடுத்தார்' என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அதில் சொல்லப்படும் கருவி கேமரா ஒப்ஸ்க்யூரா. இருட்டு அறையில் ஜன்னலை மூடிவைத்திருக்கும்போது, ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து, எதிர்ச் சுவரில் வெளியே இருக்கும் மரமும் தெருவும் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்திருக்கலாம். அதுதான் தத்துவம். ஓட்டையில் ஒரு லென்ஸை வைத்தால் பிம்பம் தெளிவாகும். 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கருவி அறியப்பட்டதுதான். பிலிம் கிடையாது. பார்க்கலாம், கையால் வரையலாம், அவ்வளவே.

வெர்மீர் அதன் வழியே பார்த்திருக்கலாம் என்று நினைப்பதற்கு முக்கியக் காரணம் புள்ளிகள். வலப்பக்கம் இருக்கும் ஹெரிங் படகுகளின் உடலைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைப் புள்ளிகள் மின்னும். குவியம் சரியாக விழாத லென்ஸில் பளபளப்பான இடங்கள் இப்படி வட்டங்களாகத் தெரியும். இரவில் எடுத்த கைபேசிப் படங்களில், பின்னால் இருக்கும் விளக்குகள் மங்கிய வட்டங்களாகத் தெரிவதைப்போல.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்படிப்பட்ட வட்டங்கள் வெயில் பட்டு மின்னும் இடங்களில்தான் வரும். படகுகளோ நிழலில் நிற்கின்றன. அதாவது கருவியில் தெரியாத இடத்தில் ஓவியர் தானாகப் புள்ளி வைத்திருக்கிறார். தண்ணீரின் சலசலப்பு படகின் மேல் விளையாடுகிறது என்ற உணர்வுக்காக அந்தப் புள்ளிகள். கருவியிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாலும், அதைத் தன் விருப்பப்படிதான் பயன்படுத்தினார். கட்டடங்களை வரிசைப்படுத்தியது, பிம்பத்தை நீட்டியது, இப்போது இந்தப் புள்ளிகள். போட்டோ என்ற விளக்கம் இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்காது.

வண்ணம் பூசிய விதத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இடது பக்கத்துச் சிவப்புக் கூரைகளில் வண்ணம் கரடுமுரடாக, தொட்டால் ஓடுபோல இருக்கும் என்று தோன்றும்படி பூசப்பட்டிருக்கிறது. தூரத்து வெயில் கூரைகளில் அதே வண்ணம் வழவழப்பாக இருக்கிறது. நீலத்துக்கு விலையுயர்ந்த லாபிஸ் லசூலிக் கல்லிலிருந்து அரைத்த நிறத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்.

இதுவரை: நீண்ட பிம்பமும் நிழலில் மின்னும் புள்ளிகளும் இயற்கையைக் கவனித்ததால் வந்தவை. ஆனால் அவற்றை வைத்த இடம் ஓவியரின் முடிவு.

## அமைதியான ஊரா அது?

இனி முதல் தவறான கருத்துக்கு வருவோம்.

1654 அக்டோபர் 12, காலை. டெல்ஃப்டின் வடகிழக்குப் பகுதியில், பழைய மடம் ஒன்றில் சேமித்து வைத்திருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. சுமார் 90,000 பவுண்டு வெடிமருந்து. ஊரின் ஒரு பெரும் பகுதி தரைமட்டமானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கேரல் ஃபப்ரீசியஸ் என்ற ஓவியர், வயது 32. சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு சின்னக் குருவியை அவர் அதே ஆண்டு வரைந்திருந்தார். அந்தக் குருவியும் இன்று வெர்மீரின் டெல்ஃப்டும் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெடிவிபத்து நடந்தபோது வெர்மீர் அதே ஊரில் வாழ்ந்த 21 வயது இளைஞர், ஓவியர் சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

எக்பர்ட் வான் டெர் பூல் என்ற இன்னொரு டெல்ஃப்ட் ஓவியர் அந்த இடிபாடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வெர்மீர் ஆறேழு வருடம் கழித்து ஊரைத் தெற்கிலிருந்து வரைந்தார். அழிந்த பகுதி அந்தக் கோணத்திலிருந்து தெரியாது.

வெயில் எதன்மேல் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். புதிய தேவாலயத்தில்தான் ஒரேஞ்ச் இளவரசர் வில்லியமின் கல்லறை இருக்கிறது. ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் அவர். 1584இல் இதே டெல்ஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். நடுவாசலுக்கு அருகே நீளமாகத் தெரியும் ஓட்டுக்கூரை, ஊரின் ஆயுதக் கிடங்கு என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது. கொலை, போர், வெடிவிபத்து எல்லாவற்றையும் பார்த்த ஊர் அது. வெர்மீர் தன் ஓவியங்களைப் பற்றி எழுதிய ஒரு வரிகூடக் கிடைத்ததில்லை, எனவே 'இது இறந்தவர்களுக்கான அஞ்சலி' என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஆனால் 'ஊர் அமைதி, அதனால் படம் அமைதி' என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நமக்கும் அந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. இந்த ஓவியம் வரையப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பு, 1658இல், அந்தக் கம்பெனி யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவுக்கு இன்றும் வரைபடங்களில் இருக்கும் மறுபெயர் டெல்ஃப்ட். மதில் ஓரம் தூங்குவதுபோலக் கிடக்கும் இந்தத் துறைமுகத்தின் செல்வத்தில் நம் கடற்கரைகளின் பங்கும் இருந்தது. படத்தின் அழகு அதனால் குறைவதில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் கரை எனக்கு அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

## விலையும் இன்றைய இடமும்

1696இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்மீரின் 21 ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. அதிக விலைக்குப் போனது இதுதான், 200 கில்டர் (கில்டர் அந்தக் காலத்து டச்சு நாணயம்). 1822இல் டச்சு அரசு இதை 2,900 கில்டருக்கு வாங்கியது. வெர்மீரின் பெயரை உலகம் கிட்டத்தட்ட மறந்திருந்த காலம் அது. 1842இல் தி ஹேக்கில் இந்தப் படத்தின் முன் நின்ற தோரே என்ற பிரெஞ்சு விமர்சகர், யார் இவர் என்று தேடத் தொடங்கி, 1866இல் வெர்மீரைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று நாம் அவரை அறிவதற்கு அந்தத் தேடல் பெரிய காரணம்.

ஊரில் இப்போது அந்த இரண்டு வாசல்களும் இல்லை, 1830களில் இடித்துவிட்டார்கள். தேவாலயக் கோபுரத்தின் நுனி 19ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்தபின் மாற்றிக் கட்டப்பட்டது. தண்ணீர் இருக்கிறது.

## கரையில் நின்ற இன்னொருவர்

கடைசியாக, மறுபடியும் மணல் கரைக்கு வாருங்கள். பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்களையும் பாருங்கள். மொத்தப் படத்திலும் பத்துப் பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள், ஒருவரும் ஓடவில்லை, எதையும் தூக்கிப் போகவில்லை. துறைமுகத்தில் காலை எட்டு மணிக்கு இவ்வளவுதானா கூட்டம்? மூட்டை இறக்குபவர்கள், மீன் வண்டிகள், கூவி அழைக்கும் படகோட்டிகள் எங்கே? அவர்களை வெர்மீர் வரையவே இல்லை.

ஒருவரை மட்டும் வரைந்தார், அப்புறம் அழித்தார். அந்தப் பெண்களுக்கு வலப்பக்கம், தொப்பி அணிந்த ஓர் ஆண் நின்றுகொண்டிருந்தார் என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது. பெரிய உருவம், கரையின் விளிம்பில். அவர் அங்கே இருந்திருந்தால் நம் கண் முதலில் அவரிடம்தான் போயிருக்கும். யார் இவர், எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்டிருப்போம். ஒரு கதை தொடங்கியிருக்கும்.

இன்று அந்த இடத்தில் மணலும், மணல் முடியும் இடத்தில் தண்ணீரும் மட்டும் இருக்கின்றன. கண் தடங்கலில்லாமல் அதைக் கடந்து, நிழலில் கிடக்கும் பிம்பத்தின் வழியாக அக்கரை ஏறி, வாசல்களுக்குப் பின்னால் வெயில் விழுந்த கூரைகளுக்குப் போகிறது.